அறுபதுக்கு நாற்பதில் அந்த நாற்பது

ஆசிரியர் உரை

வழக்கமாக நடுப்பக்கத்தில் வரும் ‘சிறு நாடுகளில் பெண் விரிவுரையாளர்’ அட்டவணை இந்த இதழில் இல்லை. அச்சுக்குப் போகும் நேரத்தில் நாங்களே எடுத்துவிட்டோம். காரணம், மலேசியப் பொதுச் சேவையின் புதிய சம்பள முறையான எஸ்எஸ்பிஏ. 2024 டிசம்பர் 1-இல் அது நடப்புக்கு வந்ததும் விரிவுரையாளர் கிரேடான டிஎச்44 டிஎச்10 ஆனது, டிஎச்48 டிஎச்12 ஆனது, 52-உம் 54-உம் 13, 14 ஆயின. 2002 முதல் ஓடிய பழைய எஸ்எஸ்எம் முறையின் எண்களை நம்பி ‘மூத்த நிலை’ என்ற பத்தியை நிரப்பி வந்தவர்களுக்குக் காலத்தொடர் ஒரே நாளில் அறுந்தது. பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண்ணை எழுதி ஒட்டினால் போதும் என்று சில வாசகர்கள் எழுதினார்கள். 2024-ஐ எல்லையாக வைத்து இரண்டு தொடராகப் பிரித்துவிடுங்கள் என்றார்கள் மற்றவர்கள். இதழ் எந்தப் பக்கம் என்று இரு தரப்பும் கேட்டுவிட்டதால் சொல்லியாக வேண்டும்.

இரண்டு பக்கமும் இல்லை. கிரேடு எண்ணை இனி எந்தப் பத்திக்கும் எடுக்கப் போவதில்லை. அது சம்பளத்தைச் சொல்லும் எண். பொலிடெக்னிக்கில் காலமுறைப் பதவி உயர்வில் மேலே வந்த ஒரு பெண்ணின் கிரேடு, அவர் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பதைக் காட்டும். துறைத் தலைவர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் காட்டாது. புருணையோடும் மால்டாவோடும் வைத்துப் பார்க்கும் அட்டவணையில் நம் ஊர் சம்பளப் படிக்கட்டுக்கு வேலையே இல்லை. அதனால் பதவியை மட்டும் எடுப்போம்: பேராசிரியர், இணைப் பேராசிரியர், டீன், துறைத் தலைவர், அதற்கு மேலே. டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் தாக்கத் தரவரிசையில் பாலினச் சமத்துவம் என்ற 5-ஆவது இலக்குக்கான படிவத்தை நிரப்பியவர்களுக்கு இது புதிதல்ல. அங்கும் மூத்தவர் என்றால் பேராசிரியர், டீன், உயர் நிர்வாகி. கௌரவப் பதவி சேராது. இதற்காகப் பழைய ஆண்டுகளைத் தோண்டி மறுபடி எண்ண வேண்டியிருக்கிறது. அட்டவணை தள்ளிப்போனது அதனால்தான்.

இந்தச் சாக்கில், சிறு நாடுகளைப் பற்றி எங்களுக்கு வரும் கட்டுரைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் சில கோளாறுகளையும் பேசிவிடுகிறோம்.

சதவீதத்தை மட்டும் அனுப்பாதீர்கள். ஒரு தீவு நாட்டில் ஒரே கல்லூரி, அதில் நாற்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெண்கள் மேற்படிப்புக்குப் போய், அந்த இடத்துக்கு இரண்டு ஆண்கள் வந்தால் ஐந்து புள்ளி சரியும். அடுத்த ஆண்டு அவர்கள் திரும்பி வந்தால் ஐந்து புள்ளி ஏறும். முதலாவதைப் பின்னடைவு என்றும் இரண்டாவதைப் பாய்ச்சல் என்றும் எழுதுபவருக்கு நாங்கள் பக்கம் ஒதுக்க முடியாது. தொகுதி, பகுதி இரண்டும் வேண்டும். மூன்று ஆண்டுச் சராசரியாக இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது, யாரை எந்த நாட்டில் எண்ணுவது. தென் பசிபிக் பல்கலைக்கழகம் 1968-இல் தொடங்கியது. 12 நாடுகளுக்குச் சொந்தம். தலைமை வளாகம் சூவாவில் லௌதாலா. அங்கே பாடம் நடத்தும் தோங்கா நாட்டுப் பெண் பிஜியின் கணக்கில் ஏறுவார். நியுவே, தொக்கெலாவ் கட்டங்கள் காலியாக நிற்கும். காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக்கி ‘பெண் விரிவுரையாளரே இல்லாத நாடுகள்’ என்று தலைப்புப் போட்ட ஒரு கட்டுரையைத் திருப்பி அனுப்பினோம். காலி வேறு, பூஜ்யம் வேறு. மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகத்துக்கும் இதே சிக்கல்தான், வளாகங்கள் பிரிந்திருப்பதால் கொஞ்சம் குறைவு. லக்ஸம்பர்க்கின் கதை வேறு மாதிரி. பல்கலைக்கழகமே 2003-இல்தான் வந்தது. வெளிநாட்டு விரிவுரையாளர்கள் நிறைந்த இடம். அங்கே பெண் விகிதம் ஏறினாலும் இறங்கினாலும் ஐரோப்பிய வேலைச் சந்தையைத்தான் அது காட்டும். லக்ஸம்பர்க் பெண்களைப் பற்றி அதிலிருந்து பேசுவது துணிச்சல்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி எந்தப் பக்கம் விழுகிறது என்பதும் முக்கியம். புருணையில் 1988-இலேயே அதைப் பல்கலைக்கழகத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். மாலத்தீவில் 1998-இல் உயர்கல்விக் கல்லூரியாக ஒன்று சேர்த்தவை 2011-இல் தேசியப் பல்கலைக்கழகமாயின. நம் நாட்டில் ஆசிரியர் பயிற்சி தரும் ஐபிஜி இன்னும் கல்வியமைச்சின் கீழ் இருக்கிறது. உயர்கல்வி அமைச்சின் பொதுப் பல்கலைக்கழக அட்டவணையில் தேடினால் கிடைக்காது. பெண்கள் அதிகம் நிற்கும் ஒரு தொழிலை உள்ளே எடுப்பதா வெளியே விடுவதா என்பதிலேயே சில புள்ளிகள் மாறும். சமத்துவம் கூடியதா குறைந்ததா என்ற பேச்சுக்கு அப்புறம் வரலாம்.

இதை விளங்கிக்கொள்ள மாலத்தீவு வரை போக வேண்டியதில்லை. எங்கள் சுங்கை பெசாரில் ஒரு சமூகக் கல்லூரி இருக்கிறது. சபாக் சாலையில் கொஞ்ச தூரம் போனால் சுங்கை ஆயர் தாவார் பக்கம் சுங்கை லாங்கில் சுல்தான் இட்ரிஸ் ஷா பொலிடெக்னிக். இரண்டிலும் அதே டிஎச் சேவைதான். சமூகக் கல்லூரியில் சான்றிதழ் நிலைப் பாடம் மட்டும் எடுக்கும் ஒருவர் யுனெஸ்கோவின் கல்வி நிலை வகைப்பாட்டில் உயர்கல்வி தொடங்கும் ஐஸ்கெட் 5-க்குக் கீழே நிற்கிறார். மாற்றல் கடிதம் கிடைத்து பொலிடெக்னிக்கில் டிப்ளமா வகுப்புக்குப் போன அன்று உலக அட்டவணையில் ‘உயர்கல்விப் பெண் ஆசிரியர்’ ஆகிவிடுகிறார். சம்பளம் அதே, கிரேடு அதே, வீடு அதே கம்போங்.

மேலே சொன்னவற்றில் பெரிய சண்டைக்கு இடமில்லை. உலக அளவில் 2018-இல் தொடக்கப்பள்ளி ஆசிரியரில் 66 விழுக்காடும், இடைநிலையில் 54 விழுக்காடும், உயர்கல்வியில் 43 விழுக்காடும் பெண்கள் என்ற யுனெஸ்கோ கணக்கு உங்களுக்கு மனப்பாடம். மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதும், பேராசிரியர் என்ற வரிக்கு வந்தால் ஆண்கள் முந்துவதும் தெரிந்ததே. 2004-இல் பொதுத்துறை முடிவெடுப்போரில் 30 விழுக்காடு பெண்கள் என்ற கொள்கை வந்தது. 2006-இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு ரஃபியா சாலிம் முதல் பெண் துணைவேந்தராக வந்தார். அதே ஆண்டு மலேசிய தேசியப் பல்கலைக்கழகமான யுகேஎம்முக்கு ஷரிஃபா ஹப்ஸா. இதையெல்லாம் வைத்து ‘ஆசியாவுக்கே முன்மாதிரி’ என்று மாநாட்டு மேடையில் பேசுவதையும் கேட்டிருக்கிறோம். மியன்மாரில் பெண் விரிவுரையாளர் விகிதம் நூற்றுக்கு எண்பதைத் தாண்டியது. அதை ஏன் யாரும் முன்மாதிரி என்பதில்லை? சம்பளம் கட்டுப்படியாகாமல் ஆண்கள் விட்டுப்போன வேலை அது என்று எல்லோருக்கும் தெரியும். விகிதம் உயர்வதற்கு மரியாதை கூடியதும் காரணமாகலாம், கூலி குறைந்ததும் காரணமாகலாம். எது என்று பார்க்க வேலையின் நிபந்தனையைப் பார்க்க வேண்டும்.

அங்கேதான் இந்த இதழுக்குப் பழைய ஆதங்கம் ஒன்று இருக்கிறது. நெடுநாள் வாசகர்கள் ‘மறுபடியுமா’ என்று கேட்கலாம். மறுபடியும்தான்.

உயர்கல்வித் தரத்தைச் சரிபார்க்கும் எம்கியூஏ அமைப்பின் பாடத்திட்டத் தரங்களில் முழுநேரம் அறுபது, பகுதிநேரம் நாற்பது என்ற விகிதத்தை நாம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்போம். நாற்பதைத் தாண்டாதே என்று போட்ட வரம்பு அது. பல தனியார் கல்லூரிகளின் சம்பளக் கணக்கில் அதுவே நாற்பது வரை நிரப்பிக்கொள் என்ற அனுமதியாகிவிட்டது. அந்த நாற்பதில் இரண்டு வகை ஆட்கள். ஒருவர் வேலையில் இருக்கும் பொறியாளரோ வழக்கறிஞரோ. சனிக்கிழமை வந்து அனுபவத்தைச் சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு அது கைச்செலவு. இன்னொருவருக்கு அது மட்டுமே வேலை. இந்த இரண்டாம் வகையில், குறைந்தது வட சிலாங்கூரில் நாங்கள் பார்த்தவர்களில், பெரும்பாலும் பெண்கள். நம் பெண்கள்.

ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் வேண்டாம், இப்படிப் பலர் இருக்கிறார்கள். பெஸ்தாரி ஜெயா பக்கம், பழையவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்லும் இடத்தில், தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1917-இல் ஃபோக்கோனியே வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் அந்தப் பக்கம்தான். இவர் தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, எஸ்டிபிஎம், பட்டம், முதுகலை என்று படித்தார். குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். இப்போது ஒரு தனியார் கல்லூரியில் வாரம் ஆறு மணி நேரம், இன்னொன்றில் நான்கு மணி நேரம். காலையில் தாடிகா என்ற மழலையர் பள்ளியில் வேலை. மாதக் கடைசியில் மணிக்கணக்குப் போராங்கில், அதாவது படிவத்தில், தேதி, பாடக் குறியீடு, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் ஒருங்கிணைப்பாளரிடம் கையெழுத்து வாங்கி, கணக்குப் பிரிவில் கொடுக்கிறார். கையெழுத்துப் போடுபவர் விடுப்பில் இருந்தால் பணம் அடுத்த மாதம். பொது விடுமுறையில் வகுப்பு விழுந்தால் அந்த வரிக்குப் பணமில்லை. மாற்று வகுப்பு எடுத்தால் உண்டு. வினாத்தாள் தயாரிக்கவும் திருத்தவும் போராங்கில் கட்டமே இல்லை.

இவரை நாம் எப்படி எண்ணுகிறோம்? டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் படிவம் முழுநேரச் சமானம் கேட்கிறது. ஆறு மணி நேரத்தைப் பதினெட்டு மணி நேரப் பாடச் சுமையால் வகுத்தால் 0.33. நாற்பது மணி நேர வேலை வாரத்தால் வகுத்தால் 0.15. எதால் வகுப்பது என்பது அந்த ஆண்டு கல்லூரிக்கு எந்த விகிதம் அழகாக வர வேண்டும் என்பதைப் பொறுத்தது. உங்களில் யாராவது மறுக்க முடியுமா? யுனெஸ்கோ படிவமோ முழுநேரம், பகுதிநேரம் இரண்டையும் சேர்க்கச் சொல்கிறது. ஆனால் முதன்மைப் பணி கற்பித்தலோ ஆய்வோ ஆக இருக்க வேண்டும். இவரது முதன்மைப் பணி எது? காலையில் பார்க்கும் தாடிகா என்று முதல் கல்லூரி நினைத்து விட்டுவிடும். இரண்டாவது கல்லூரியும் அப்படியே நினைக்கும். தனியார் உயர்கல்வி நிறுவனங்களுக்கான 555-ஆவது சட்டப்படி கற்பிக்கும் பெர்மிட் கல்லூரி வழியாக வருவதால் அந்தக் கோப்பில் இரண்டு இடத்திலும் இவர் பெயர் இருக்கும்; அங்கே மட்டும் இரண்டு ஆள். எம்கியூஏ தணிக்கைக்கு வரும்போது நாற்பது பக்கத்தில் ஒரு ஆள். ஒரே பெண், 0.15, 0.33, 0, 1, 2. நாம் இதைத் தரவு என்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதே 5-ஆவது இலக்குப் படிவத்தில் குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் மாணவிகளுக்கு 15.4 விழுக்காடு எடை. மூத்த பெண் கல்வியாளர்களுக்கும் அதே 15.4 விழுக்காடு. தோட்டத்திலிருந்து படிக்க வந்தபோது இவரை வைத்துப் பல்கலைக்கழகம் புள்ளி வாங்கியது. பேராசிரியராகிவிட்டால் மறுபடி புள்ளி வாங்கும். நடுவில் இருக்கும் இருபது ஆண்டுக்கு இவரை எந்தக் கட்டமும் கேட்பதில்லை. அந்த நடுவிலிருந்துதான் ஒருவர் மேலே போக வேண்டும், அல்லது விட்டுவிட்டு டியூசன் சென்டருக்குப் போக வேண்டும்.

2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் பேறுகால விடுப்பு 98 நாள். வரவேற்றோம், கட்டுரை போட்டோம். மணிக்கணக்குப் போராங்கில் வேலை செய்பவருக்கு எத்தனை நாள்? வேலைச் சட்டத்தில் புதிதாகச் சேர்த்த 101சி பிரிவு, வேலை நேரத்தையும் முறையையும் இன்னொருவர் கட்டுப்படுத்தினால் அவரைத் தொழிலாளியாக அனுமானிக்கச் சொல்கிறது. ஆனால் எழுத்து உடன்படிக்கை இல்லாத இடத்தில்தான் அது பாயும். ‘சேவை வழங்குநர்’ என்று ஒரு பக்கக் கடிதம் அடித்துக் கையில் கொடுத்துவிட்டால் இபிஎஃப் இல்லை, சொக்சோ இல்லை, 98 நாளும் இல்லை. பிள்ளை பெற்ற பருவத்தில் அவருக்கு வகுப்பே ஒதுக்கப்படாது. அந்தப் பருவத்தில் அவர் எந்த அட்டவணையிலும் இருக்க மாட்டார். விலக்கியதாகவும் எழுத்தில் எதுவும் இருக்காது. ஒப்பீட்டு அட்டவணைக்கும் தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு மூத்த வாசகர் முன்பு எழுதியிருந்தார். இதுதான் சம்பந்தம். நம் பகுதி எண்ணிலிருந்து ஆட்கள் காணாமல் போகும் வழி இது.

தோட்டத்தில் பெரட்டுக்கு நின்ற காலத்தில் கிராணி கையில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு இருக்கும். அதில் பெயர் ஒரு வரி, நாள் வேறு கட்டம். வேலை பாதி நாள் என்றால் நாள் கட்டத்தில் பாதி விழும். பெயர் முழுதாகத்தான் இருக்கும். கூலியைக் கறாராக அறுத்த அந்த நிர்வாகத்துக்குக்கூட, ஆள் எத்தனை, வேலை எவ்வளவு என்று தனித்தனியாக எழுதத் தெரிந்திருந்தது. அப்படிப் பெரட்டுக்கு நின்ற ஓர் அம்மாவின் மகளை முனைவர்களும் கணினியும் நிறைந்த ஓர் அமைச்சு தசமப் புள்ளியாக்கி வைத்திருக்கிறது.

அமைச்சுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆளையும் மணியையும் இரண்டு பத்தியாக வாங்குங்கள் என்று கலந்துரையாடல்களில் நாம் கேட்டிருக்கிறோம், எழுதியும் கொடுத்திருக்கிறோம். ‘அகான் டிப்பெர்த்திம்பாங்கான்’, அதாவது பரிசீலிக்கப்படும், என்று குறிப்பில் ஏறும், அதோடு சரி. உயர்கல்வி அமைச்சு 2004-இல் பிறந்தது, 2013-இல் கல்வியமைச்சோடு சேர்ந்தது, 2015-இல் பிரிந்தது, 2018-இல் மறுபடி சேர்ந்தது, 2020-இல் மறுபடி பிரிந்தது. பெயர்ப்பலகை மாற்ற நேரம் இருந்தது. லெட்டர்ஹெட் அச்சடிக்கப் பணம் இருந்தது. தரவரிசைப் படிவம் நிரப்பத் தனிப் பிரிவே உண்டு. பகுதிநேரப் பெண் வாரம் எத்தனை மணி நேரம் பாடம் நடத்துகிறார் என்று கேட்க ஒரு பத்தி போட மட்டும் இத்தனை ஆண்டில் யாருக்கும் கை வரவில்லை. எம்கியூஏயும் விகிதத்தைச் சரிபார்க்கிறது. நாற்பது பக்கத்தில் இருப்பவர் அடுத்த பருவம் இருப்பாரா என்று கேட்பதில்லை. நிலையில்லாத ஆசிரியரிடம் படிக்கும் மாணவருக்கு என்ன தரம் என்பதாவது அவர்கள் அக்கறையாக இருக்க வேண்டாமா?

மொரிஷியஸின் மக்கள்தொகை சுமார் 12 லட்சத்து 60 ஆயிரம். மாலத்தீவு ஐந்து லட்சத்தைச் சற்றுத் தாண்டும். புருணை அதற்கும் குறைவு. இந்த நாடுகளுக்கெல்லாம் ஒரு வரி ஒதுக்கி, பெண் விரிவுரையாளர் விகிதத்தைத் தசமம் வரை விவாதிக்கிறோம். மலேசிய இந்தியர்கள் ஏறக்குறைய இருபது லட்சம் பேர். இதில் உயர்கல்வியில் கற்பிக்கும் பெண்கள் எத்தனை, நிரந்தரம் எத்தனை, மணிக்கணக்கில் எத்தனை என்று ஆண்டுப் புத்தகத்தைப் புரட்டி யாராவது ஒரு எண் சொல்லுங்கள் பார்ப்போம். மொரிஷியஸைவிடப் பெரிய ஒரு மக்கள் கூட்டத்துக்கு ஒரு வரி இல்லை. இன வாரியாக எண்ணினால் உணர்ச்சி கிளம்பும் என்பார்கள். மாணவர் சேர்க்கைக் காலத்தில் ஒவ்வொரு ஆண்டும் கிளம்புகிறதே, அப்போது எண்ணாமலா பேசுகிறோம்?

சரி, நடைமுறைக்கு வருகிறோம். அடுத்த இதழில் அட்டவணை திரும்பும். கிரேடு இருக்காது, பதவி இருக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஆள் எண்ணிக்கை ஒரு பத்தி, வாரக் கற்பித்தல் மணி இன்னொரு பத்தி. சமானமாக்கி ஒன்றாகக் கலக்கமாட்டோம். தொடர் அறுந்த ஆண்டுகளில் கோடு இருக்கும்: ஆசிரியர் கல்லூரி சேர்ந்த ஆண்டு, பல்கலைக்கழகமாக உயர்ந்த ஆண்டு, நம் வரியில் அமைச்சு சேர்ந்தும் பிரிந்தும் போன ஆண்டுகள், 2024-உம். பகுதிநேரத்தை, வேறு முழுநேர வேலை உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டாகப் பிரிக்கிறோம். பல நாடுகள் இதைத் தரமாட்டா. தராத கட்டம் காலியாக நிற்கும்.

தனியார் கல்லூரிகளில் படிவம் நிரப்பும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மேசையில் மணிக்கணக்குப் போராங்குகள் இருக்கின்றன. பெயரோ அடையாள அட்டை எண்ணோ கல்லூரிப் பெயரோ வேண்டாம். ஆணா பெண்ணா, வாரம் எத்தனை மணி, எத்தனையாவது பருவம், வேறு முழுநேர வேலை உண்டா என்ற நான்கு விவரம் போதும். மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டியிருந்தால் கேட்டுவிட்டே அனுப்புங்கள். யாருடைய வேலைக்கும் இதனால் ஆபத்து வரக்கூடாது. எவ்வளவு வருகிறதோ அவ்வளவையும் ‘வாசகர் தந்தவை’ என்ற குறிப்போடு தனிப் பெட்டியில் போடுவோம். நாட்டுக் கணக்கு என்று சொல்லமாட்டோம். அமைச்சு முழுக் கணக்கைத் தரும் வரை மலேசியாவின் வரியில் அந்தப் பத்தி காலியாகவே அச்சாகும், நியுவேக்கும் தொக்கெலாவுக்கும் பக்கத்தில்.